மன்னார் வளைகுடாவுல எது எதைத் திங்குது? எட்டாம் கிளாஸ் பிள்ளைங்களுக்குச் சார்ட் போடணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க

உப்புக்காத்து டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ராமநாதபுரம் மாவட்டத்துல கடலோரத்து ஸ்கூல் ஒண்ணுல சயின்ஸ் டீச்சர். எட்டாம் கிளாஸுக்கு உணவுச் சங்கிலி நடத்தணும், சார்ட்டுக்குப் படம் தேடுனா நெட்ல வர்றது பூரா பெங்குயின், சீல், துருவக்கரடி, இல்லேன்னா அமெரிக்கா பக்கத்துக் கடல். என் கிளாஸ்ல பாதிப் பேருக்கு மேல வீட்டுல அப்பாவோ அண்ணனோ தொழிலுக்குப் போறவங்க, காலையில அம்மா கூட ஏலத்துல நின்னுட்டு ஸ்கூலுக்கு வர்ற பிள்ளைங்க, அதுங்ககிட்டப் போய் பெங்குயினை சீல் திங்கும்னு நடத்த எனக்கு மனசு வரல. நம்ம கடல்லயே ஆவுளியா (கடல்பசு) இருக்கு, ஆமை இருக்கு, பவளப்பாறை இருக்கு, தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவு இருக்கு, 1986லயே அதை கடல்சார் தேசியப் பூங்கான்னு அறிவிச்சிருக்காங்க, ஆனா எது எதைத் திங்குதுன்னு தமிழ்ல ஒரே இடத்துல எழுதி வச்சது எனக்குக் கிடைக்கல.

நேத்து ஒரு பையன் எந்திரிச்சு "டீச்சர், சங்கு என்னா திங்கும்"னு கேட்டான். கிளாஸே யோசிச்சுது. ஒருத்தன் மண்ணுன்னான், ஒரு பிள்ளை பாசின்னா. நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

அதனால உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. ஆவுளியா நெசமாவே வெறும் புல்லுதானா, அவ்வளவு பெரிய உடம்பு புல்லுல எப்பிடி வளருது, ஆமையில எது எதைத் திங்கும், சங்கு, கடல் அட்டை (கடல் வெள்ளரி), நம்ம வலையில வர்ற மீனுங்க, திமிங்கலம், எல்லாம் வேணும். புத்தகத்துல இருக்கற மாதிரி வேணாம், பிள்ளைங்க தொட்டுப் பாக்குற மாதிரி இருந்தா இன்னும் நல்லது.


நுண்பாசி:

டீச்சர், நான் கடல் உயிரியல் எம்.எஸ்சி முடிச்சிட்டு கடல்புல் பத்தி வேலை பாத்துட்டு இருக்கேன், அதனால ஆவுளியாவையும் ஆமையையும் நான் எடுத்துக்கறேன், மத்ததை இங்க இருக்கறவங்க சொல்லுவாங்க.

ஆவுளியா புல்லுதான், சந்தேகமே வேணாம். ஆனா "கடல்பாசி"ன்னு எழுதிராதீங்க, பாதி வெப்சைட்ல அப்பிடித்தான் தப்பாப் போட்டிருக்கு. பாசிக்கு வேர் கிடையாது, பூ கிடையாது. கடல்புல்லு, நம்ம பக்கம் கடல்தாழைன்னும் சொல்றாங்க, அது நெசமான செடி, வேர் விட்டு மண்ணுக்கடியில தண்டு ஓடி தண்ணிக்குள்ளயே பூத்துக் காய்க்கிறது. மன்னார் வளைகுடாவுலயும் பாக் ஜலசந்தியிலயும் பத்துப் பன்னெண்டு வகைக்கு மேல இருக்கு. அதுல ஆவுளியாவுக்கு ரொம்பப் பிடிச்சது சின்னச் சின்ன இலையா மெத்துன்னு இருக்கற வகைங்க, நார் கம்மி, சத்து சாஸ்தி, சீக்கிரம் செரிக்கும். நீளமா நார் புடிச்ச வகையை வேற வழி இல்லாதப்பதான் அதிகமாத் திங்கும்.

திங்குற விதத்தைப் பிள்ளைங்களுக்குக் கட்டாயம் சொல்லுங்க. மாடு மேயுற மாதிரி இலையை மட்டும் கடிக்காது. மேல் உதடு தடிச்சு கீழ்ப் பக்கமா மடங்கி இருக்கும், அதுல கட்டையா முடி இருக்கும், அந்த உதட்டை தரையில அழுத்தி முன்னாடி நகர்ந்துகிட்டே புல்லை வேரோட கெளப்பிரும், மாவுச்சத்து இருக்கறது அந்த மண்ணுக்கடித் தண்டுலதான். அது போன வழி புல்வெளிக்கு நடுவுல வெறும் மணலா நீளமாத் தெரியும், தண்ணி தெளிவா இருந்தா மேல இருந்தே பாக்கலாம், ஆவுளியா கண்ணுல படலைன்னாலும் அந்தத் தடத்தை வச்சே இங்க வந்து மேஞ்சிருக்குன்னு கண்டுபுடிக்கறாங்க. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ வரைக்கும் திங்கும். வளந்த ஆவுளியா 3 மீட்டர் நீளம், 400 கிலோ வரைக்கும் வரும். புல்லுல இருந்து சத்தை எடுக்க பெருங்குடல் மட்டுமே 25 மீட்டர் கிட்ட இருக்கு, தின்னது வெளிய வர ஒரு வாரம் கிட்ட ஆகும், உள்ள இருக்கற நுண்ணுயிருங்க அதை மெதுவாப் புளிக்க வச்சு ஒடைச்சுக் குடுக்குது. ஒறவுன்னு பாத்தா யானைக்குத்தான் கிட்டத்துச் சொந்தம், திமிங்கலத்துக்கு இல்ல.

வேரோட புடுங்குறதால புல்லு அழிஞ்சிருமேன்னு பிள்ளைங்க கேப்பாங்க. அழியாது. அது புடுங்குன எடத்துல சீக்கிரம் முளைக்கிற மெத்துன்னு இருக்கற வகை திரும்ப வரும், அது விட்டையில புல்லு விதையும் கிடக்கும். புல்லு அழியுறது இழுவை மடி (தரையோட இழுக்கற வலை) அடியை வழிச்சுக்கிட்டுப் போறதாலயும் சேறு வந்து மூடி வெளிச்சம் படாமப் போறதாலயும்தான். இதை எனக்குச் சொல்லாம இருக்க முடியல, ஏன்னா இந்தியா முழுக்கச் சேத்தாலும் ஆவுளியா சில நூறுதான் மிச்சம், அதுல நெறைய இருக்கறது நம்ம பக்கம், ஒரு தாய் பல வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு குட்டிதான் போடும். 2022 செப்டம்பர்ல பாக் விரிகுடாவுல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரமா 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்குப் பாதுகாப்பு எடமா அரசு அறிவிச்சுது, அதையும் சார்ட்ல ஒரு ஓரத்துல எழுதுங்க.

இப்ப ஆமை. ஒரே மாதிரி திங்கும்னு நெனைக்காதீங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கட்சி. பேராமை பெருசானதும் புல்லும் பாசியும்தான், தாடையோரம் ரம்பப் பல்லு மாதிரி இருக்கும், ஆனா குட்டியில நடுக்கடல்ல மெதக்கறப்ப கெடச்சதெல்லாம் திங்கும். அழுங்காமைக்கு பவளப் பாறை எடுக்குல இருக்கற கடல்பஞ்சுதான் முக்கியச் சாப்பாடு, பஞ்சுக்குள்ள கண்ணாடி முள்ளு மாதிரி இருக்கும், விஷமும் இருக்கும், அது ஒண்ணும் செய்யாது, ஆனா அந்த விஷம் கறியில ஏறிரும், அழுங்காமைக் கறி தின்னு நம்ம கடலோரத்துலயே ஆளுங்க செத்திருக்காங்க. பங்குனி ஆமைக்கு நண்டு, இறாலு, சிப்பி, சொறி (ஜெல்லி மீன்) எல்லாம் ஓகே. பெருந்தலை ஆமை தாடை பலத்தால சங்கு ஓட்டையே ஒடைச்சுத் திங்கும். ஏழுவரி ஆமை, இருக்கறதுலயே பெரிய ஆமை, அது சொறியைத்தான் துரத்தித் துரத்தித் திங்கும், வழுக்குற சொறி திரும்ப வெளிய வராம இருக்க தொண்டைக்குள்ள பூரா உள்பக்கமாப் பாத்த முள்ளு, ஆனா நம்ம கரையில ரொம்ப அபூர்வம், முட்டையிட அந்தமான் நிக்கோபார் போயிரும். பாலித்தீன் கவர் ஏன் ஆமைக்கு எமன்னு இதை வச்சே புரிய வச்சிரலாம், தண்ணியில மெதக்கற கவர் அதுக்குச் சொறி மாதிரிதான் தெரியுது, உள்ள போனா அந்த முள்ளு வெளிய விடாது.


கீழக்கரைப் படகு:

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். சங்கு என்னா திங்கும்னு கேட்ட பையனுக்கு என் சலாம் சொல்லுங்க, எங்க வாப்பா சங்கு குளிச்சவரு (கடல்ல முங்கி சங்கு எடுத்தவரு), அவரு வாயால கேட்டதைத்தான் சொல்றேன்.

சங்கு மண்ணையும் திங்காது, பாசியையும் திங்காது. புழு திங்கும். மணலுக்குள்ள குழாய் மாதிரி கூடு கட்டிக்கிட்டு ஒரு வகைப் புழு கிடக்கும், கூட்டங்கூட்டமா இருக்கும், சங்கு மணலுக்குள்ள பாதி புதைஞ்சு மெதுவா ஊர்ந்துக்கிட்டே போய் அதைத் தேடி உறிஞ்சிரும். அதனாலதான் பாறையில சங்கு தேட மாட்டாங்க, மெல்லிசு மணல் இருக்கற தரையிலதான் எறங்குவாங்க, எந்தத் தரையில புழு இருக்கோ அந்தத் தரையில சங்கு இருக்கும். சங்கு ஊர்ந்த தடம் மணல்ல தெரியும், தடத்தைப் புடிச்சுப் போனா கடைசியில சங்கு கிடக்கும்னு வாப்பா சொல்லுவாரு. சங்குப்பூ கரை ஒதுங்குறப்ப பிள்ளைங்க பொறுக்கி வெளையாடுமே, அது சங்கோட முட்டைக்கூடு, அது உள்ள அறை அறையா இருக்கும், அதுக்குள்ளதான் குட்டிச் சங்கு இருக்கும். கிளாஸுக்கு ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

முத்துச் சிப்பி அதுக்கு நேர் எதிர். பார்ல (கடலடிப் பாறைத் திட்டுல) ஒட்டிக்கிட்டு ஒரே எடத்துல இருக்கும், எங்கயும் போயித் தேடாது, தண்ணியை உள்ள இழுத்து அதுல கண்ணுக்குத் தெரியாத பாசித் துணுக்கை வடிகட்டி எடுத்துக்கிட்டு மிச்சத்தை வெளிய விட்டுரும். அதைத் திங்கறதுக்குத்தான் கூட்டம். திருக்கை கூட்டமா வந்து ஓட்டை நொறுக்கித் தின்னுட்டுப் போயிரும், நட்சத்திர மீன் மேல உக்காந்து ரெண்டு ஓட்டையும் பிரிச்சு வயித்தையே வெளிய தள்ளி உள்ள விட்டுச் செரிச்சுரும், பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) ஓட்டுல ஓட்டை போட்டு விஷத்தை விட்டுத் திறக்கும். ஒரு பார்ல ஒரு வருஷம் சிப்பி கோடிக்கணக்குல இருக்கும், அடுத்த தடவை போனா ஒண்ணும் இருக்காதுன்னு பழைய ஆளுங்க சொல்றது இதனாலயும்தான். எங்க கடல்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல, அதுக்கப்புறம் அந்த அளவுக்குச் சிப்பி சேரவே இல்ல.

இன்னொண்ணு, கூம்புச் சங்கு பத்தியும் பிள்ளைங்களுக்குச் சொல்லிருங்க. பாக்க அழகாப் புள்ளி புள்ளியா இருக்கும், கையில எடுக்கத் தோணும். அதுல சில வகை புழுவைக் குத்தும், சில வகை வேற சங்கைக் குத்தும், சில வகை மீனையே விஷ ஊசியால குத்தி அசையாம ஆக்கி முழுங்கும். மீனைத் திங்கற வகை மனுசனையும் கொல்லும். உசுரோட இருக்கறதைக் கையில எடுக்க வேணாம்.


வலைக்காரன் மகன்:

டீச்சர் நான் தங்கச்சிமடம். நுண்பாசி தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனா ஆவுளியாவும் ஆமையும் பிள்ளைங்க கையில கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. கையில கிடைக்கறது மீனு. ஆளுக்கு ஒரு மீனை வீட்டுல இருந்து கொண்டாரச் சொல்லுங்க, வாயைத் திறந்து பாக்கச் சொல்லுங்க, பல்லைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, அப்புறம் வயித்தைக் கிழிச்சுப் பாக்கச் சொல்லுங்க, அது என்னா திங்குதுன்னு அதுவே சொல்லிரும். மண்டபத்துல மத்திய அரசோட கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்குல்ல, 1947ல ஆரம்பிச்ச நிறுவனம் அது, அங்கயும் விஞ்ஞானிங்க மீன் என்னா திங்குதுன்னு பாக்க வயித்தைத் தான் கிழிச்சுப் பாக்குறாங்க.

மொதல்ல காரலை எடுங்க, நம்ம பக்கம் அதுக்குப் பஞ்சமே இல்ல. வாயைப் புடிச்சு இழுத்தா குழாய் மாதிரி வெளிய நீளும். சில காரலுக்கு அது மேல் பக்கமா நீளும், சிலதுக்குக் கீழ்ப் பக்கமா நீளும். மேல நீளுறது தண்ணியில மெதக்கற குட்டிக் குட்டிப் பூச்சியை உறிஞ்சும், கீழ நீளுறது தரையில இருக்கற புழு, பூச்சியை உறிஞ்சும். ரெண்டு வகையும் ஒரே கூடையில கிடக்கும், பிள்ளைங்களுக்கு இது ஒண்ணு போதும். இன்னொரு விசயம், காரல் ராத்திரி லேசா வெளிச்சம் விடும், தொண்டைக்கிட்ட வெளிச்சம் போடுற நுண்ணுயிரு குடியிருக்கு.

அப்புறம் சூடை, சாளை. வாயில பல்லுன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இருக்காது, செவுளைத் தூக்கிப் பாத்தா உள்ள மெல்லிசா நார் நாரா அடுக்கியிருக்கும், வாயைத் திறந்துக்கிட்டே போகும், தண்ணி செவுள் வழியா வெளிய போகும், பாசியும் பூச்சியும் அந்த நார்ல தங்கிரும். அந்தச் சூடையையும் நெத்திலியையும் திங்கறதுதான் சீலா, சென்னைக்காரங்க வஞ்சிரம்பாங்கல்ல அது, பல்லு கத்தி மாதிரி, விரலை வச்சுராதீங்க. சூரையும் பாறையும் அதே கூட்டத்தைத்தான் அடிக்கும். கடல்ல ஒரு எடத்துல தண்ணி கொதிக்கற மாதிரி இருந்து மேல குருவி வட்டம் போட்டா கீழ சூரை நெத்திலியைச் சுருட்டி மேல ஏத்துதுன்னு அர்த்தம், அப்பா அங்கிட்டுத்தான் வத்தையை (படகை) திருப்புவாரு.

மடவை வேற ஜாதி. சேத்தைத் திங்கும். வயித்தைக் கிழிச்சா கோழிக்கு இருக்கற மாதிரி கெட்டியா உருண்டையா ஒரு இரைப்பை இருக்கும், அதுக்குள்ள மணலு நெறநெறன்னு இருக்கும், அந்த மணலை வச்சு அரைச்சு சேத்துல இருக்கற பாசியை எடுத்துக்கும். அம்மாமாருக்கு இது நல்லாத் தெரியும், கழுவுறப்ப அதைத் தான் மொதல்ல எடுத்துப் போடுவாங்க. ஓராவுக்குச் சின்ன வாயி, பாசியும் புல்லும்தான் கொறிக்கும், குடலை உருவுனா வந்துக்கிட்டே இருக்கும், செடி திங்கற மீனுக்குக் குடல் நீளம், கறி திங்கற மீனுக்குக் குடல் சின்னது. ஓராவையும் சீலாவையும் பக்கத்துல வச்சுக் குடலை அளக்கச் சொல்லுங்க. ஓரா முள்ளு குத்துனா கடுக்கும், முள்ளை வெட்டிட்டுக் குடுங்க.

விளமீனு வாயில முன்னாடி கூர்ப்பல்லு, பக்கத்துல உருண்டையா கடைவாப்பல்லு, அது நண்டையும் சிப்பியையும் நொறுக்க. நவரைக்குத் தாடையில ரெண்டு மீசை, அதால மணலைத் தடவித் தடவிப் புழுவைக் கண்டுபுடிக்கும். கலவா பாறை எடுக்குல அசையாம இருந்து பக்கத்துல வந்ததை ஒரே முழுங்கு. கிளிமீனுக்குப் பல்லெல்லாம் ஒட்டி ஒரே அலகா இருக்கும், பார்ல வளர்ற பாசியைச் சுரண்டும், பவளத்துண்டும் சேந்து உள்ள போகும், அரைச்சு வெள்ளை மணலா பின்னாடி விடும், தீவுக் கரையில இருக்கற மணல்ல அதுவும் சேந்ததுதான். வாளைக்கு சொந்தக்காரன் வேத்தாள்னு கிடையாது, பெரிய வாளை வயித்துல சின்ன வாளை கிடந்ததை எத்தனையோ பேரு பாத்திருக்காங்க.

கெளுத்தி பத்தி மட்டும் கவனமா சொல்லுங்க டீச்சர். அது செத்தது, அழுகுனது, நண்டு, எறாலு எல்லாம் திங்கும், ஆனா சில கெளுத்தி வாயைத் திறந்தா உள்ள கோலிக்குண்டு சைஸுல முட்டை கிடக்கும், உடனே பிள்ளைங்க முட்டை திங்கும்னு எழுதிரும். அது அதோட சொந்த முட்டை. ஆண் கெளுத்திதான் வாயில வச்சு அடை காக்கும், குஞ்சு வெளிய போற வரைக்கும் அது பட்டினி.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கும், அப்ப விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீனுதான் கிடைக்கும், அதுக்கு முன்னாடி வகுப்பை வச்சுக்கிட்டா எல்லா வகையும் கிடைக்கும்.


மன்னார்க்கரை:

வணக்கம் ரீச்சர், நான் இந்தப் பக்கம், இலங்கை மன்னார். ஒரே கடல்தானே, ஆவுளியாவுக்கு எல்லைக்கோடு தெரியாது. கடல் அட்டை பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல, அதை நான் சொல்லுறன்.

எங்கட பக்கம் மன்னார், கிளிநொச்சி, யாழ்ப்பாணக் கரையளில கடல் அட்டைப் பண்ணை நிறைய வந்திட்டுது, ஆழம் குறைஞ்ச தண்ணியில வலை அடிச்சு அதுக்குள்ள குஞ்சு விடுறது. விட்டாப் பிறகு சாப்பாடு எண்டு ஒண்டும் போடுறதில்லை. அது மணலையே விழுங்கும், மணலோட சேந்து கிடக்கிற உக்கின புல்லு, செத்ததுகளின்ர துணுக்கு, அதில வளருற நுண்ணுயிர், இதெல்லாம் உள்ள எடுத்துக்கொண்டு சுத்தமான மணலை நீளமா உருட்டி வெளியில விடும். வெள்ளை அட்டை பகல்ல மணலுக்குள்ள புதைஞ்சு கிடந்திட்டு பின்னேரம் வெளியில வரும். அட்டை இல்லாத தரையில சேறு படிஞ்சு நாறத் தொடங்கும், இது தண்ணிக்குள்ள இறங்கிறவைக்கு நல்லாத் தெரியும். புல்லு இருக்கிற இடத்திலதான் அட்டைக்குஞ்சு வந்து ஒட்டும், அதால புல்லுத்தரை போனா அட்டையும் போகும். உங்கட பக்கம் 2001இல இருந்து பிடிக்கத் தடை, இஞ்ச அனுமதி எடுத்துப் பிடிக்கலாம், அதைப் பிள்ளையளுக்குச் சொல்லி விடுங்கோ, இல்லையெண்டால் ஒரே பிராணி இந்தக் கரையில விக்கலாம் அந்தக் கரையில ஜெயில் எண்டு குழம்புங்கள்.

திமிங்கிலமும் கேட்டிருந்தீங்கள். திருகோணமலைப் பக்கமும் தெற்கில மிரிஸ்ஸையிலும் நீலத்திமிங்கிலம் வரும். மற்ற நாட்டுக் கடல்ல அது கிறில் எண்ட சின்ன இறால் மாதிரிச் சாமானைத்தான் தின்னும் எண்டு புத்தகத்தில இருக்கும், எங்கட கடல்ல தின்னுறது வேற. ஆழத்தில கூட்டமா இருக்கிற மெல்லிசு இறால் வகை ஒண்டு, அதைத்தான் இஞ்ச கூடத் தின்னுது எண்டு அதின்ர கழிவை எடுத்துப் பார்த்து ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சவை. மற்ற நீலத்திமிங்கிலம் மாதிரி இது தின்னுறதுக்கு அண்டார்டிக்கா போறதும் இல்லை, வருசம் முழுக்க இந்துமாக்கடல்லயே நிக்குது. சார்ட்டில துருவக்கடல் படத்தில இருந்து திமிங்கிலச் சாப்பாட்டைப் பார்த்து எழுதாதேங்கோ ரீச்சர், எங்கட திமிங்கிலத்தின்ர சாப்பாடு வேற.


மணல்திட்டு:

அருமையான திரி. எனக்கு ஒரு சந்தேகம், திமிங்கலச் சுறா மன்னார் வளைகுடாவுல வலையில மாட்டுச்சுன்னு அடிக்கடி நியூஸ் வருது, அவ்வளவு பெரிய சுறா, குளிக்கற ஆளைப் புடிக்காதா? எங்க ஊருப் பிள்ளைங்க அதுக்குப் பயந்து கடல்ல எறங்க மாட்டேங்குது. அப்புறம் 2016ல மணப்பாடு பக்கம் திமிங்கலம் கூட்டமா கரை ஒதுங்குச்சே, அது என்ன வகை, அது எதைத் திங்கும்?


நுண்பாசி:

மணல்திட்டு அண்ணா, திமிங்கலச் சுறா பத்தி பயமே வேணாம். உலகத்துலயே பெரிய மீன் அது, 12 மீட்டர் வரைக்கும் கூட வளரும், ஆனா சாப்பாடு என்னவோ மெதக்கற பூச்சி, மீன் முட்டை, சின்ன மீன் கூட்டம். வாயைப் பெருசாத் திறந்துக்கிட்டு வடிகட்டும், பல்லு ஆயிரக்கணக்குல இருந்தாலும் அரிசி அளவுக்குத்தான் இருக்கும், கடிக்கறதுக்கு உதவாது. கொம்புத் திருக்கையும் அதே மாதிரி வடிகட்டுறதுதான், தலையில ரெண்டு பக்கமும் இருக்கற கொம்பு தண்ணியை வாய்க்குள்ள திருப்பி விட. திமிங்கலச் சுறாவை 2001ல இருந்து சட்டப்படி புடிக்கக் கூடாது, வலையில மாட்டுனா வலையை அறுத்து விடுற மீனவர்கள் நிறைய இருக்காங்க, வலை போனா எவ்வளவு நஷ்டம்னு தெரிஞ்சும் அறுக்குறாங்க, அதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லணும்.

2016 ஜனவரியில தூத்துக்குடி மாவட்டக் கரையில ஒதுங்குனது குட்டைத் துடுப்பு பைலட் திமிங்கலம், 80க்கு மேல. இதே மணப்பாடுல 1973லயும் ஒரு கூட்டம் ஒதுங்கியிருக்கு. இதுங்களுக்குக் கணவாய்தான் முக்கியச் சாப்பாடு, ராத்திரி ஆழத்துல எறங்கிப் புடிக்கும், கூட்டமாவே இருக்கும். ஓங்கில் (டால்பின்) கரையோரத்துல மடவை, சூடை, கணவாய் எல்லாம் புடிக்கும். கடல்பாம்பு பத்தியும் ஒரு வரி, நம்ம கரையோரத்துல வலையில வர்ற கடல்பாம்புல ஒரு வகை கெளுத்தியைத் தேடித் திங்கும், முள்ளோட முழுங்கிரும், சில வகைக்கு விலாங்குதான் இஷ்டம்.

பவளத்தையும் விட்டுராதீங்க டீச்சர், அதைக் கல்லுன்னு பிள்ளைங்க நினைக்கும். அது பிராணி. பகல்ல அது உடம்புக்குள்ள குடியிருக்கற நுண்பாசி வெயில்ல சாப்பாடு தயாரிச்சுக் குடுக்குது, ராத்திரி அதுவே கையை நீட்டி மெதக்கற பூச்சியைப் புடிச்சுத் திங்குது. தண்ணி அளவுக்கு மீறிச் சூடானா அந்த நுண்பாசி வெளிய போயிரும், பவளம் வெளுத்துப் பட்டினி கெடக்கும், 2010லயும் 2016லயும் நம்ம தீவுகளைச் சுத்தி அப்பிடித்தான் வெளுத்துச்சு, அதுல கணிசமானது திரும்பல. வெளுக்கறதுன்னா பட்டினின்னு சொன்னா பிள்ளைங்களுக்கு டக்குன்னு புரியும்.


உப்புக்காத்து டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை படிச்சேன். சங்கு புழு திங்கும்னு இன்னைக்குக் கிளாஸ்ல சொன்னேன், அந்தப் பையன் மொகத்தைப் பாக்கணுமே. இன்னொரு பிள்ளை, வீட்டுல சங்குப்பூ இருக்கு டீச்சர் நாளைக்குக் கொண்டாரேன்னு சொல்லியிருக்கு.

சார்ட்டை இப்பிடிப் போடலாம்னு இருக்கேன், வரைஞ்சதை போட்டோவும் போட்டிருக்கேன், சரியான்னு பாருங்க. நடுவுல கடல்புல்லும் பாசியும் மெதக்கற நுண்பாசியும். புல்லுல இருந்து ஒரு பக்கம் ஆவுளியா, பேராமை, ஓரா. நுண்பாசியில இருந்து பூச்சி, சிப்பி, சூடை, அதுல இருந்து சீலா, சூரை, திமிங்கலச் சுறா. மணலுக்கு அடியில புழு, அதுல இருந்து சங்கு, நவரை. சிப்பியில இருந்து திருக்கை. உச்சியில சுறா. ஆவுளியாவை யாரு திங்குறா? அதுக்கு மேல போட ஒண்ணும் இல்லையே, அதை எப்பிடிக் காட்டுறது? அப்புறம் வெள்ளிக்கிழமை எல்லாரும் ஆளுக்கொரு மீனு கொண்டு வரச் சொல்லியிருக்கேன், நாத்தம் அடிக்குதேன்னு பக்கத்து கிளாஸ்ல சண்டைக்கு வராம இருந்தா சரி, வெளிய வேப்பமரத்துக்கு அடியில வச்சு நடத்தப் போறேன்.


வலைக்காரன் மகன்:

ஐஸ் போட்டுக் கொண்டாரச் சொல்லுங்க டீச்சர், ஒம்பது மணிக்கு முன்னாடி வெட்டிருங்க. பேத்தை மீனை எவனாவது கொண்டாந்தா தொட விடாதீங்க, வயித்துல காத்தடிச்சு உருண்டையா இருக்கும், பிள்ளைங்க பந்துன்னு வெளையாடும், அது ஓட்டை நொறுக்கற நாலு பல்லைப் பாக்கணும்னா நீங்களே கையுறை போட்டுக் காட்டுங்க. வெட்டவே கூடாது, ஈரலும் முட்டையும் விஷம்.


கீழக்கரைப் படகு:

பேய்க்கணவாயை நடுவுல எங்கயாவது போடுங்க டீச்சர், அது நண்டையும் சிப்பியையும் திங்கும், அதை கலவாவும் விலாங்கும் ஓங்கிலும் திங்கும்.


நுண்பாசி:

டீச்சர் சார்ட் நல்லா வந்திருக்கு, மூணே மூணு திருத்தம். ஒண்ணு, ஆவுளியாவுக்கு மேல பெரிய சுறா போடலாம், குட்டியை அடிக்கும், வளந்ததுக்கு இயற்கையில எதிரி ரொம்பக் கம்மி, அதுக்குச் சாவு வலையில மாட்டி மூச்சு முட்டித்தான் நெறைய வருது, சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேல வந்து மூச்சு விட்டே ஆகணும். அதனால அங்க ஒரு வலை படம் போட்டு அம்புக்குறி இல்லாம விட்டுருங்க.

ரெண்டு, எல்லாத்துல இருந்தும் கீழ ஒரு கோடு எறக்குங்க. ஆவுளியா விட்டை, செத்த மீனு, உதிர்ந்த புல்லு எல்லாம் தரைக்குத்தான் வருது, அதை எடுத்துக்கறது கடல் அட்டை, நண்டு, கெளுத்தி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரு. மன்னார்க்கரை அண்ணா சொன்ன அட்டை உங்க சார்ட்ல இன்னும் வரவே இல்ல.

மூணு, அம்புக்குறி. நீங்க போட்டிருக்கற போட்டோவுல சீலாவுல இருந்து சூடைக்கு அம்பு போகுது, திங்கறது யாருன்னு காட்டுற மாதிரி. மாத்திப் போடணும், திங்கப்படுறதுல இருந்து திங்கறதுக்குப் போகணும், சத்து எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம். புல்லுல இருந்து ஆவுளியாவுக்கு, புழுவுல இருந்து சங்குக்கு, சூடையில இருந்து சீலாவுக்கு. சீலாவுல இருந்து கடைசி அம்பு பிள்ளைங்க வீட்டுக்குப் போடுங்க.